கரையில் தொடங்கும் குளம்

தோட்டத்தில் சிறு குளம் அமைக்க விரும்பி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும், எந்த மோட்டார் வாங்க வேண்டும், பாறையிலிருந்து நீர் விழும்படி செய்ய என்ன செலவாகும் என்பவைதான் அவர்களுடைய முதற்கேள்விகள். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் உள்ள குளம் சில ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. அதை நாள்தோறும் கவனித்து வந்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து, வீட்டுக் குளத்தின் உயிர் அதன் கரையில்தான் இருக்கிறது என்பதே. நீரும் மண்ணும் சந்திக்கும் ஒன்றரை அடி அகலப் பட்டையை ஒழுங்காக அமைத்துவிட்டால், தவளையும் தும்பியும் பறவையும் தாமாக வந்து சேரும், நீர் தெளியும், கோடையில் நீர்மட்டம் இறங்கினாலும் குளம் பார்க்க அழகாக இருக்கும். அதைக் கவனியாமல் எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டியைப் பொருத்தினாலும் கிடைப்பது திறந்தவெளித் தொட்டி மட்டுமே.

எங்களுடையது 60-க்கு 40 அடி மனை. வீடும் வண்டி நிறுத்தும் இடமும் போகப் பின்னால் ஏறக்குறைய இருபது அடி நீளத்துக்கு மண்தரை மிஞ்சியிருந்தது. பக்கத்து மனைக்கும் எங்களுக்கும் நடுவே, இந்த ஊரின் பழைய பகுதிகளில் இன்றும் காணப்படும் சப்படிக் கல் வேலி, அதாவது கருங்கற்பலகைகளை நட்டு அமைத்த வேலி, நிற்கிறது. தென்மேற்கு மூலையில் ஒரு மாமரம், வடக்கு ஓரத்தில் இரண்டு தென்னைகள். குளத்துக்கான இடத்தை முடிவு செய்யும் முன் ஓராண்டு முழுவதும் நிழலின் போக்கைப் பார்த்தேன். பெங்களூரு ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கேயும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாய்ந்தும் நிற்கிறது. ஆகவே, மே மாதத்தில் வெயில் படும் இடம் டிசம்பரில் நிழலாகிவிடலாம். அல்லி பூப்பதற்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும். அதே சமயம் பிற்பகல் வெயில் முழுவதும் நீரின் மேல் விழுந்தால் பாசி பெருகும். மாமரத்தின் கிளைப்பரப்புக்கு வெளியே, ஆனால் மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் எட்டும் தொலைவில் ஓர் இடம் கிடைத்தது. மரத்தடியிலேயே வெட்டக் கூடாது என்பதற்கு வேர் மட்டும் காரணமில்லை. உதிரும் பூவும் இலையும் நீரில் அழுகி, ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள நகரத்தில் குளம் வெட்டுவது நியாயமா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. எங்கள் குழாயில் வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல கட்டங்களாக மேல்நோக்கி இறைக்கப்பட்டு, கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மேட்டு நிலத்துக்கு வந்து சேருகிறது. 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் அலங்கார நீரூற்றுகளுக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே, குளத்துக்குக் காவிரி நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஊற்றுவதில்லை என்பது எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. மழைநீர் மட்டுமே. 2400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2009-இல் சட்டத்திருத்தம் வந்தது. எங்கள் மனை அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. எப்படியும் செய்தாக வேண்டிய ஏற்பாட்டின் நடுவே ஒரு குளத்தை வைத்தோம் என்று சொல்வதே பொருத்தம்.

வேலைக்கு வந்த மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இந்த ஊரில் வீடு கட்டும் வேலையில் பழுத்தவர். வரைந்து வைத்திருந்த படத்தை அவரிடம் காட்டியபோது, அவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. “தண்ணி எங்கம்மா வெளிய போவுது? எங்க ஊர் ஏரியில கலிங்கு இல்லாம கரை நிக்காது. அத முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் குழி வெட்டிக்கலாம்” என்றார். படத்தில் நான் வெளியேறும் குழாயைக் குறித்திருந்தேன். ஆனால் அதிலிருந்து தொடங்கி மற்ற மட்டங்கள் அனைத்தையும் கணக்கிடும் முறை அவருடையது. ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரத்து, கரை, மதகு, மிகைநீர் வெளியேறும் கலிங்கு என்ற வரிசை கையில் ஊறியிருக்கிறது. வீட்டுக் குளத்துக்கும் அதுவே போதுமான பாடம் என்பதை அன்று கண்டேன்.

வரத்து மொட்டைமாடியிலிருந்து வருகிறது. மாடியின் பரப்பு 90 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பதால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டர். நனைந்தும் சிந்தியும் போவது நீங்கலாக 750 லிட்டரேனும் இறங்கும். முதல் மழையில் மாடியின் புழுதியும் புறா எச்சமும் கரைந்து வரும். அவை பாசிக்கு உரம். ஆகவே, முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கான நீர், அதாவது ஏறத்தாழ 180 லிட்டர், தனியே ஒரு குழாயில் நிரம்பி மரத்தடிக்குப் போய்விடும்படி செய்திருக்கிறோம்; அதற்குப் பிறகு வருவதுதான் மணலும் ஜல்லியும் அடுக்கிய வடிகட்டி வழியாகக் குளத்தை அடைகிறது. கலிங்கு என்பது கிழக்குக் கரையில் கல்லுக்கு அடியில் மறைந்திருக்கும் நான்கு அங்குலக் குழாய். அது மூன்றடி விட்டமும் இருபதடி ஆழமும் உள்ள, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணற்றில் போய் விழுகிறது. அந்தக் கிணற்றைத் தோண்டியவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பெங்களூருச் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர். குட்டைப் பிடிக் கடப்பாரையும் கூடையும் கொண்டு, செம்மண்ணில் சற்றும் சாயாத வட்டத்தை அவர்கள் இறக்கிய அழகு தனியாக எழுதத் தக்கது. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் நகரத்தின் கிழக்குப் பகுதிகளை மூழ்கடித்த பெருமழையைப் பார்த்தவர்களுக்கு, கலிங்கின் அளவில் கஞ்சத்தனம் கூடாது என்பதை விளக்கத் தேவையில்லை.

குளத்தின் வாய் நீள்வட்டம். நீளம் 4 மீட்டர், அகலம் 2.5 மீட்டர். நடு ஆழம் 90 சென்டிமீட்டர். ஆழம் ஏன் வேண்டுமென்றால், ஆழமற்ற நீர் பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து மீனை வாட்டும்; முக்கால் மீட்டருக்குக் குறையாத ஒரு பகுதி இருந்தால் மீன் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால், குழி முழுவதும் ஆழமாக இருக்கத் தேவையில்லை. வடக்கிலும் மேற்கிலும் நீர்மட்டத்துக்குக் கீழே 20 சென்டிமீட்டரில் ஒரு படி. அதற்கு உள்ளே 45 சென்டிமீட்டரில் மற்றொரு படி. தெற்கில் படியே இல்லை. தரையிலிருந்து நடு ஆழத்தை நோக்கி மெல்லச் சரியும் சாய்வு மட்டும். வெட்டும்போது மேல்மண்ணை ஓர் அடுக்காகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவிக்கச் சொன்னேன். அடிமண்ணில் செடி எளிதில் வேர்பிடிக்காது என்பதால், பின்னர் மேடு அமைக்கும்போது அது உள்ளேயும் மேல்மண் வெளியேயும் போக வேண்டும்.

கரையின் மட்டம்தான் மற்ற எல்லாவற்றையும் விடக் கண்டிப்பானது. நான்கு மீட்டர் நீளத்தில் ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டாலும், நீர் நிரம்பிய பிறகு அந்தப் பக்கம், நீர் கசியாதிருக்கக் குழியில் போடும் விரிப்பின் கறுப்பு விளிம்பு எட்டிப் பார்க்கும். அதை எந்தச் செடியாலும் மறைக்க முடியாது. மேஸ்திரி ரசமட்டத்தை நம்பவில்லை. நீர் நிரப்பிய டியூப் லெவலைச் சுற்றிலும் பிடித்து, ஒவ்வோர் இரண்டடிக்கும் ஒரு முளை அடித்து, முளைத்தலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே மண்வெட்டியை எடுத்தார். சுற்றியுள்ள தரையை விடக் கரை இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம். இல்லாவிட்டால் பெருமழையில் தோட்டத்துச் சேறும் உரமும் நேராகக் குளத்துக்குள் இறங்கும்.

நீர் கசியாதிருக்க என்ன செய்வது என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. சிமெண்ட் பூசலாம், ஆனால், புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையை உயர்த்தும், அது தணியும்வரை நீரை நிரப்பி வடிக்க வேண்டும், மண் அசைந்தால் விரிசலும் விடும். கர்நாடகத்தில் விவசாயிகள் வெட்டும் கிருஷி ஹொண்டா எனும் பண்ணைக் குட்டைகளுக்கு 500 மைக்ரான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்துகிறார்கள், விலை குறைவு, வெயிலையும் தாங்கும். பெரிய, நேர்க்கோட்டுக் குட்டைக்கு அது மிகவும் ஏற்றது. சிறிய, வளைவும் படியும் உள்ள குளத்தில் அது விறைத்துக்கொண்டு மடிய மறுக்கும். எனவே, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் விரிப்பையே தேர்ந்தெடுத்தேன். அளவுக் கணக்கு எளிது. குளத்தின் நீளத்துடன் ஆழத்தின் இருமடங்கைக் கூட்டி, இரு பக்கமும் அரை மீட்டர் வீதம் சேர்க்க வேண்டும். எங்களுக்கு நீளவாக்கில் 4 + 1.8 + 1 என 6.8 மீட்டரும், அகலவாக்கில் 2.5 + 1.8 + 1 என 5.3 மீட்டரும் தேவைப்பட்டன. அடியில் கல்லும் வேரும் குத்தாதிருக்கச் சலித்த மணலும் அதன் மேல் தடித்த கம்பளித் துணியும் விரித்தோம்.

இனி நான் நீட்டிச் சொல்ல விரும்புவது விரிப்பின் விளிம்பைப் பற்றித்தான். பல வீடுகளில் விரிப்பைக் கரையின் மேல் தட்டையாக மடித்துப் போட்டு, அதன் மேல் கல்லை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். கல்லுக்கு அப்பால் உள்ள தோட்டத்து மண் கல்லிடுக்கு வழியாக நீரைத் தொட்டுக்கொண்டே இருந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண் இரவும் பகலும் நீரை இழுத்துவிடும். குளம் ஒழுகுகிறது என்று விரிப்பைக் குறை சொல்வார்கள். விரிப்பில் ஓட்டை இருக்காது. இதைத் தவிர்க்க, விரிப்பின் விளிம்பைக் கல்லுக்குப் பின்னால் செங்குத்தாக நிமிர்த்தி, நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் உயரும்படி நிறுத்த வேண்டும். அதற்கு உட்புறம் உள்ள மண் குளத்தைச் சேர்ந்தது, எப்போதும் ஈரமாக இருக்கும். வெளிப்புறம் உள்ள மண் தோட்டத்தைச் சேர்ந்தது, தனக்கான நீரைத் தனியாகப் பெறும். நிமிர்ந்து நிற்கும் அந்த ரப்பர் நுனியை இருபுறமும் கூழாங்கல்லாலும் புல்லாலும் மூடிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. இந்த வேலைக்கு மேஸ்திரியும் அவருடன் வந்த சித்தாளும் எடுத்துக்கொண்ட நேரம் குழி வெட்டியதை விட அதிகம். அந்தக் கூலி ஒவ்வொரு ரூபாயும் தகும்.

கல் வாங்குவதில் பெங்களூருக்காரர்கள் பேறு பெற்றவர்கள். லால்பாக் பூங்காவின் பாறை மேட்டில் 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான பாறையை நாம் காலால் மிதிக்கிறோம். நகரத்தைச் சுற்றிக் கருங்கல்லுக்குக் குறைவில்லை. சாதரஹள்ளிக் கல் எனப்படும் சாம்பல் நிறக் கருங்கல் நீரில் கரையாது, நீரின் தன்மையை மாற்றாது. வேலிக்கு வாங்கி மிஞ்சிய சப்படிக் கற்பலகைகள் இரண்டை மேற்குக் கரையில், நுனி மட்டும் நீரின் மேல் நீண்டிருக்கும்படி பதித்தோம். பலகையின் நிழலில் மீன்கள் ஒதுங்குகின்றன. ஒரே அளவுக் கல்லைச் சுற்றிலும் அடுக்கும் வழக்கத்தை நான் வலுவாக எதிர்க்கிறேன். கழுத்தில் மாலை போட்டதைப் போன்ற அந்த வரிசை எந்த இயற்கைக் கரையிலும் கிடையாது. பெரிய கல் சில, அவற்றின் காலடியில் நடுத்தரக் கற்கள், இடுக்குகளில் கூழாங்கல் என்று வைத்து, சில இடங்களில் கல்லே இல்லாமல் புல்லை நீர்வரை இறங்க விட வேண்டும்.

தெற்குச் சரிவு முழுவதும் கூழாங்கல் கடற்கரை. அங்கே நீரின் ஆழம் விரற்கடையிலிருந்து தொடங்கி, ஓரடி தள்ளி நான்கு அங்குலமாகிறது. பறவை குளிப்பதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் ஆழமானால் கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் இறங்கத் தயங்கும். தவறி விழும் அணிலோ ஓணானோ ஏறி வரவும் அந்தச் சரிவுதான் வழி.

நீர் நிரம்பியதும் மீனை விட வேண்டும் என்ற ஆவல் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அதைக் கட்டுப்படுத்துவது அவசியம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்கு உணவு. இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் வேரிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நீர் பச்சைப் பட்டாணிச் சாறு நிறத்துக்கு மாறும். அப்போது நீரை மாற்றக் கூடாது. புதுநீர் புதுச் சத்தைக் கொண்டுவந்து பாசியை மீண்டும் முதலிலிருந்து வளர்க்கும். செடிகள் வளர்ந்து சத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும், நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடியதும் பச்சை நிறம் தானாக இறங்கும். நூற்பாசி மட்டும் கையால் நீக்கத் தக்கது. ஒரு குச்சியில் சுற்றி எடுத்து, கரையோரம் ஓரிரவு வைத்துவிட்டால், அதில் சிக்கிய நத்தையும் தும்பிக் குஞ்சும் நீருக்குத் திரும்பிவிடும்.

செடி விஷயத்தில் எனக்குப் பிடிவாதங்கள் உண்டு. தாமரை வேண்டாம் என்பது முதல் பிடிவாதம். அது பெருநீருக்குரியது, சிறு குளத்தில் விட்டால் மற்ற எதற்கும் இடம் தராது. லால்பாக்கை ஒட்டியுள்ள சித்தாபுர நர்சரிகளில் வெளிநாட்டு ஒட்டு அல்லிகள் பல நிறங்களில் கிடைக்கின்றன. நான் தேடி வாங்கியவை இரண்டு: பகலில் விரியும் நீலாம்பலும், மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும் வெள்ளாம்பலும். இரண்டும் இந்த மண்ணுக்கு உரியவை. ஒன்றை விட்டு ஒன்று பூப்பதால் குளத்தில் பெரும்பாலான நேரம் பூ இருக்கிறது. அகன்ற தொட்டியில் களிமண் கலந்த செம்மண்ணை மட்டும் நிரப்பி, மேலே ஓரங்குலம் சிறு ஜல்லி பரப்பி நட வேண்டும். எருவோ மக்கிய இலையோ கலந்தால் நீருக்கடியில் அழுகும்.

கரைப் படிகளில்தான் உண்மையான தோட்டம் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் படியின் முன்விளிம்பில் கற்களை வரிசையாக வைத்து, பின்னால் மண் நிரப்பி, வசம்பும் கோரையும் சேம்பும் நட்டோம். வசம்பின் இலையை நசுக்கினால் கிழங்கின் மணமே வரும். ஈரமண் நீரைத் தொடும் இடத்தில் நீர்ப்பிரம்மி. தடித்த சிறு இலைகளோடு அது கல்லின் மேல் ஊர்ந்து நீருக்குள் இறங்கியபோது, எங்கே நிலம் முடிகிறது என்பதே தெரியாமல் போனது. அதற்கு மேலே வல்லாரை. பக்கத்தில் பொன்னாங்கண்ணி, அது வாரத்துக்கொரு முறை அடுப்படிக்கும் வருகிறது. சம்புக் கோரையை நடவில்லை. அதன் வேர்க்கிழங்கின் கூர்முனை விரிப்பைத் துளைக்கக்கூடியது. இனாமாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வெங்காயத்தாமரையைக் குளத்துக்குள் விடக் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, சாக்கடைச் சத்தை உண்டு பெங்களூரு ஏரிகள் பலவற்றை மூடிக் கிடக்கும் காட்சியை நாம் நாள்தோறும் பேருந்து ஜன்னல் வழியே பார்க்கிறோம்.

கொசுவைப் பற்றி அக்கம்பக்கத்தார் கவலைப்பட்டது முற்றிலும் நியாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரப் பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். அது விரும்புவது பூச்சட்டித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி போன்ற சிறு தேக்கங்களை. உயிருள்ள குளத்தில் கொசுப்புழு பிழைப்பது கடினம். அதற்காகக் கம்பூசியா எனும் வட அமெரிக்க மீனை விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவளையின் முட்டையையும் தலைப்பிரட்டையையும் நாட்டு மீன்களின் குஞ்சையும் சேர்த்தே தின்னும். தப்பி ஏரிக்குப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. நாங்கள் விட்டவை நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்னும் அப்லோகைலஸ் என்ற சிறு நாட்டு மீன்கள். மேல்நோக்கித் திறக்கும் வாயோடு நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும் அவற்றுக்குக் கொசுப்புழுதான் விருந்து. அவற்றுக்கு நாங்கள் தீனி போடுவதில்லை. தீனி போட்டால் புழுவைத் தேடாது. மிச்சம் அழுகிப் பாசியாகும். சந்தேகம் தீராத பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவை அழைத்து, வெள்ளைக் கிண்ணத்தில் குளத்து நீரை மொண்டு காட்டினேன். ஒரு புழுகூட இல்லாததைப் பார்த்த பின், தன் வீட்டு நீர்த்தொட்டிக்கும் நாலு மீன் கேட்டு வாங்கிச் சென்றார்.

கரை பசுமையானதும் வருகையாளர்கள் தொடங்கினர். முதலில் தேரை; கறுப்பு மணிகள் கோத்த சரங்களாக முட்டையைக் கோரைத் தண்டுகளில் சுற்றிவிட்டுப் போயிற்று. தென்மேற்குப் பருவமழை வலுத்த ஓர் இரவுக்குப் பின், நீரின் மேல் சாய்ந்திருந்த சேம்பிலையில் கைப்பிடி அளவு வெண்ணுரை ஒட்டியிருந்தது. மரத்தவளையின் கூடு அது. வெளிப்பக்கம் காய்ந்து இறுக, உள்ளே ஈரத்தில் முட்டைகள் பொரிந்து, சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே இருக்கும் நீரில் விழுகின்றன. இலை நீருக்கு மேல் நீண்டிராவிட்டால் அவை தரையில் விழுந்து காய்ந்திருக்கும். விழும் இடத்தில் நீர் நான்கு அங்குல ஆழமே இருந்து, கோரையும் பிரம்மியும் அடர்ந்திருந்தால்தான் மீனுக்குத் தப்பும்.

தும்பிக்கும் கரைச்செடியே வழி. மாதக்கணக்கில் நீருக்கடியில் கொசுப்புழுவைத் தின்று வளரும் அதன் இளம்பருவம், ஓர் இரவில் கோரைத் தண்டைப் பற்றி மேலேறுகிறது. விடியும் முன் டார்ச் விளக்குடன் குனிந்து பார்த்தேன். முதுகுத்தோல் நீளவாக்கில் பிளந்து, முதலில் தலையும் மார்பும் வெளிவந்தன; பின்னர் அது மல்லாந்து தொங்கியபடி நெடுநேரம் அசையாதிருந்து, திடீரென எழும்பித் தன் பழைய தலையையே பற்றிக்கொண்டு வாலை உருவியது. கசங்கிக் கிடந்த சிறகுகள் நீர்மம் பாய்ந்து விரிய, வெளிர்ப் பச்சையாக இருந்த அவை வெயில் வந்தபோது கண்ணாடியாகிவிட்டன. தண்டில் அந்த வெற்றுக்கூடு இன்னும் பற்றியபடி இருக்கிறது. ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்’ என்று ஊரில் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தத் தட்டான் என் வீட்டிலேயே பிறப்பதைக் காணக் கிடைத்தது பெரும் மகிழ்ச்சி.

மடையானும் வெண்தொண்டை மீன்கொத்தியும் மீனுக்காக வரும். அல்லி இலையும் கற்பலகையும் மறைப்பாக இருப்பதால் மீன் குலம் அழிவதில்லை. தண்ணீர்ப்பாம்பு ஒருமுறை தங்கிப் போனது. கட்டம் போட்ட உடல்கொண்ட அது நஞ்சற்றது. சீண்டினால் கடிக்கும், விட்டுவிட்டால் தானே போய்விடும்.

வெட்டிய மண், குழியில் இருந்ததை விடக் கால்பங்கு கூடுதலாகப் பெருகியிருந்தது. அதை வெளியே கொட்டாமல், வடக்கே தென்னைகளுக்கு முன் இடுப்பளவு மேடாக்கி, மேல்மண் போர்த்தி, நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் நட்டோம். வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கும்போது பின்னணியில் பசுமையும் முன்னால் நீரும் தெரிவது அந்த மேட்டால்தான். உயரமான செடிகள் பின்னால், தாழ்ந்தவை பார்ப்பவர் பக்கம் என்பதை மட்டும் மாற்றக் கூடாது. இரவு விளக்கு எதுவும் வைக்கவில்லை. தவளைக்கும் பூச்சிக்கும் இருள் வேண்டும்.

சிறு குழந்தைக்குச் சில அங்குல நீரே ஆபத்து. பேத்தி நடக்கத் தொடங்கியதும், நீர்ப்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே, வளர்ந்தவர் நின்றாலும் வளையாத தடித்த வெல்டு மெஷ்ஷைத் துண்டு துண்டாகப் பொருத்தினோம். அல்லித் தண்டு அதன் கண்கள் வழியே எளிதாக மேலேறுகிறது. பகலில் மட்டும் ஓடும் சிறு மோட்டாருக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோம். இது இல்லாமல் நீருக்கருகே மின்கம்பி கொண்டுபோகவே கூடாது.

மார்ச் முதல் மே வரை நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. எட்டுச் சதுர மீட்டர் பரப்புக்கு அது நாற்பது லிட்டருக்கும் மேல். சம்ப்பில் சேர்த்த மழைநீரைக் கொண்டு அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறேன், முழுவதையும் அல்ல. ஏப்ரலில் மாங்காய் மழை பெய்யும்வரை நீர்மட்டம் ஒரு சாண் இறங்க விட்டுவிடுவேன். செங்குத்துச் சுவருள்ள குளத்தில் அது கறுப்பு ரப்பர் தெரியும் அலங்கோலம். சரிவுக் கரையில் கூழாங்கல் கடற்கரை ஓரடிக்கு மேல் அகலமாகிறது, அவ்வளவுதான். எந்த ஏரியும் கோடையில் பின்வாங்கத்தான் செய்கிறது. கரைச்செடிகள் அதற்குப் பழகியவை.

ஜனவரியில், மாமரம் பூக்கும் முன், தூர் வாருவோம். ஒரே ஆண்டில் முழுவதையும் அள்ளினால் பாக்டீரியாவும் தும்பிக் குஞ்சும் போய்விடும் என்பதால், அடியில் படிந்த சேற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து மேட்டுச் செடிகளுக்கு இடுகிறோம். வருகிற ஜனவரியில் அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. கிழக்குக் கரையில் கலிங்குக்கு அருகே பெரிய கற்கள் இரண்டை அகற்றி, ஈ.பி.டி.எம். துண்டொன்றை ஒட்டுப்பட்டையால் இணைத்து, அந்தப் பக்கமும் சரிவை ஓரடி நீட்டப் போகிறோம். மேஸ்திரியிடம் பேசியாயிற்று, டியூப் லெவலைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.